மலை ஏரிகளில் ஆண் வாத்தும் பெட்டையும்: குளிர்காலத்துக்கான கேள்வி பதில்கள்

நீலகிரியிலும் பழனி மலையிலும் அக்டோபர் முதல் மார்ச் வரை ஏரி, அணை, சதுப்பு ஓரங்களில் வாத்து பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இரண்டு மலைகளின் அடிவாரக் குளங்களுக்கும் இதே பதில்கள் பொருந்தும். வீட்டில் வாத்து வளர்ப்பவர்களுக்கான கேள்விகள் கடைசிப் பகுதியில் உள்ளன.

வாத்து வேட்டைக்காலம் என்கிறார்களே, அது நம் ஊரில் உண்டா?

இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இலையுதிர் காலத்திலிருந்து குளிர்காலம் வரை அரசு அனுமதியோடு வாத்து சுடுகிறார்கள். அந்த மாதங்களுக்குத்தான் வேட்டைக்காலம் என்று பெயர். இங்கே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலில் உரிமம் பெற்று வேட்டையாட இடம் இருந்தது. 1991-இல் வந்த திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. சுடுவதை மட்டும் இந்தச் சட்டம் வேட்டை என்று சொல்லவில்லை. கண்ணி வைப்பது, வலை விரிப்பது, இரை போட்டு இழுப்பது, முட்டையை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே வேட்டைக் கணக்கில்தான் வரும்.

நீலகிரிக்கு இதில் பழைய வரலாறு உண்டு. 1877-இல் இங்கே வேட்டைக்காரர்களே கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்த மாதத்தில் சுடக்கூடாது என்ற கட்டுப்பாடு இந்த மலைக்குப் புதிதல்ல.

வேட்டை இல்லாவிட்டாலும் அந்த மாதங்கள் நமக்கு முக்கியம். வடக்கிலிருந்து வந்த வாத்துகள் இங்கே துணை தேடுவது அப்போதுதான். நம் ஊர்ப் புள்ளிமூக்கு வாத்து கூடு கட்டுவதும் ஏறக்குறைய அதே சமயம்தான். ஆண் எது, பெட்டை எது என்று பிரித்தறிய மிகவும் பயன்படுகிற காலமும் இதுவே, மிகவும் குழப்புகிற காலமும் இதுவே.

எங்கே போய்ப் பார்ப்பது? ஊட்டி ஏரியிலும் கொடைக்கானல் ஏரியிலும் அதிகம் காணோமே?

அந்த இரண்டு ஏரிகளிலும் நாள் முழுக்கப் படகு ஓடுகிறது. அதைவிட முக்கியமான காரணம் ஆழம். நீலச்சிறகி, கிளுவை, ஊசிவால் வாத்து, தட்டைவாயன், புள்ளிமூக்கு வாத்து எல்லாம் முக்குளிக்காமல் மேய்பவை. தலையை நீருக்குள் விட்டு வாலை மேலே தூக்கி, கழுத்து எட்டும் ஆழத்தில் மட்டும் தின்னும். முழங்கால் அளவுக்கு மேல் தண்ணீர் இருந்தால் அடிச்சேறு எட்டாது. எமரால்டு, அவலாஞ்சி, மேல் பவானி போன்ற அணைகளின் கரை செங்குத்தாக இறங்குவதால் நடு நீர் இவற்றுக்குப் பயனில்லை. ஓடை வந்து கலக்கும் மூலை, நீர் வற்றிச் சேறு தெரியும் ஓரம், கோரை நிற்கும் சதுப்பு ஆகிய இடங்களைப் பாருங்கள். பழனி மலையில் மன்னவனூர் ஏரியின் ஓரங்களையும் பேரிஜத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பேரிஜத்துக்கு வனத்துறை அனுமதி தேவை.

எண்ணிக்கை வேண்டுமென்றால் கீழே இறங்கிவிடுங்கள். பழனியைச் சுற்றியுள்ள குளங்களிலும், வரதமாநதி, பாலாறு-பொருந்தலாறு அணைகளின் பின்பக்க ஆழமற்ற பகுதிகளிலும் தேடுவது மேல்.

அக்டோபரில் வந்த கூட்டத்தில் எல்லாமே பெட்டையாகத் தெரிகிறதே?

பெரும்பாலும் இல்லை. வடக்கில் இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண்கள் பளிச்சென்ற இறகை உதிர்த்துவிட்டுப் பெட்டையைப் போன்ற பழுப்பு இறகுக்கு மாறும். பறக்கப் பயன்படும் பெரிய சிறகு இறகுகள் ஒரே சமயத்தில் விழுவதால் மூன்று நான்கு வாரம் பறக்கவே முடியாது. அந்த நேரத்தில் கண்ணில் படாமல் இருப்பதற்குத்தான் இந்த மங்கல் கோலம். அந்தக் கோலம் முழுதாகக் கலைவதற்குள் வலசை கிளம்பி இங்கே வந்துவிடுகிறது.

எல்லா இனமும் ஒரே வேகத்தில் நிறம் மாறுவதில்லை. ஊசிவால் வாத்தின் ஆண் டிசம்பருக்குள் பழுப்புத் தலையும் வெள்ளைக் கழுத்துக் கோடுமாகத் தெளிந்துவிடும். தட்டைவாயன் அதைவிட மெதுவாக, திட்டுத் திட்டாக மாறும். மிகவும் தாமதம் நீலச்சிறகிதான். ஜனவரியில்கூட பல ஆண்கள் பெட்டை போலவே இருக்கும். அதனால் நவம்பரில் பார்த்த நீலச்சிறகிக் கூட்டத்தை ‘அத்தனையும் பெட்டை’ என்று எழுதிவைத்தால் அது தவறாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நிறம் நம்பகமில்லை என்றால் எதைப் பார்ப்பது?

மங்கல் கோலத்திலும் சிறகு பொய் சொல்லாது. சிறகின் நிறம் மாறுவதில்லை. பறவை சிறகை விரிக்கும் வரை, அல்லது எழுந்து அடித்துக்கொள்ளும் வரை காத்திருங்கள். பைனாகுலரை இறக்காமல் வைத்திருந்தால் பத்து நிமிடத்தில் ஒரு முறையாவது கிடைக்கும்.

நீலச்சிறகி: ஆணின் முன்சிறகு வெளிர் நீலச் சாம்பல், சில வெளிச்சத்தில் கிட்டத்தட்ட வெள்ளை. பெட்டைக்கு அது மங்கிய சாம்பல் பழுப்பு. முகத்தில் கண்ணுக்கு மேலே ஒரு வெளிர் கோடு, கண் வழியே ஒரு கருங்கோடு, அலகு முகத்தோடு சேரும் இடத்தில் ஒரு வெளிர்ப் பொட்டு. இவை பெட்டைக்கும் மங்கல் ஆணுக்கும் பொது. எனவே முகத்தை வைத்து ஆண் பெண் முடிவு செய்யாதீர்கள்.

தட்டைவாயன்: கண்ணைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு மஞ்சள், பெட்டைக்குப் பெரும்பாலும் பழுப்பு. முன்சிறகு ஆணுக்குத் தெளிவான நீலம், பெட்டைக்குச் சாம்பல்.

ஊசிவால் வாத்து: அலகு. ஆணுக்குப் பக்கங்களில் நீலச் சாம்பலும் நடுவில் ஒரு கருங்கோடும் இருக்கும். பெட்டையின் அலகு ஒரே சாம்பல். நீண்ட வாலைத் தேடாதீர்கள், அது கடைசியாகத்தான் வளரும்.

கிளுவை: ஆண் நிறம் மாறிய பிறகு குழப்பமே இல்லை. செம்பழுப்புத் தலையில் பச்சைப் பட்டை, வாலடியில் இளமஞ்சள் திட்டு. அதற்கு முன்பு இரண்டும் ஒன்றுபோலத்தான். அப்போது காதுதான் உதவும்.

புள்ளிமூக்கு வாத்தில் ஆணும் பெட்டையும் ஒரே மாதிரி இருக்கிறதே?

நம் ஊரிலேயே தங்கி வாழும் இந்த வாத்துக்கு மங்கல் கோலம் என்ற ஒன்று இல்லை. வருடம் முழுக்க இரண்டும் ஒரே உடுப்பு. அலகின் அடியில், நெற்றி சேரும் இடத்தில் இருபுறமும் சிவப்புப் புள்ளி இருக்கும். ஆணுக்கு அது பெரிதாக, உப்பினாற்போல. பெட்டைக்குச் சிறிதாக, மங்கலாக, சிலவற்றில் கண்ணுக்கே தெரியாத அளவு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒப்பிட்டுச் சொல்லலாம். ஒற்றைப் பறவையாக இருந்தால் புள்ளியை மட்டும் நம்பக்கூடாது. குரல் கேட்கும் வரை பொறுங்கள்.

சீழ்க்கைச் சிரவியில் அதுவும் நடக்காது. ஆண், பெண் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், இரண்டுமே சீழ்க்கை அடிக்கும், குஞ்சையும் இரண்டும் சேர்ந்தே வளர்க்கும். அதை வெளியிலிருந்து பிரிக்க முயல வேண்டாம்.

‘க்வாக் க்வாக்’ என்று கத்துவது ஆணா, பெட்டையா?

பெட்டைதான். நிறைய பேர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். புள்ளிமூக்கு வாத்தின் பெட்டை ஓங்கி ஆரம்பித்து, ஐந்தாறு தடவை வரவரக் குறைந்துகொண்டே போகும் ஒரு கத்தல் கத்தும். மூடுபனியில் ஏரியே தெரியாத காலை ஏழு மணிக்கு அக்கரையிலிருந்து அந்த ஒலி வந்தால், அங்கே ஒரு பெட்டை இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமலே குறிப்பில் எழுதலாம். ஆணின் குரல் தொண்டை கட்டியவன் பேசுவதுபோல, தணிந்த கரகரப்பு. ஐம்பது அறுபது அடி தள்ளி நின்றாலே கேட்பது சிரமம்.

காரணம் உடம்புக்குள் இருக்கிறது. ஆணின் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் இடதுபுறம் எலும்பாலான ஒரு குமிழ் வளர்ந்திருக்கும். பெட்டைக்கு அது இல்லை. ஒலி மாறுவது அங்கேதான்.

மற்ற இனங்களில் ஆண் கத்துவதற்குப் பதில் விசில் அடிக்கும். கிளுவை ஆணின் குரல் சிறு மணியை ஒற்றை அடி அடித்தாற்போல் ‘க்ரிக்’. ஊசிவால் ஆணுடையது மென்மையான, குழலூதுவது போன்ற ஒலி. நீலச்சிறகி ஆண் ஒரு விநோதம்: சீப்பின் பற்கள்மேல் நகத்தை ஓட்டினால் வருமே, அந்தக் காய்ந்த கரகர சத்தம். இந்த மூன்றிலும் பெட்டைகள் ‘க்வாக்’ வகைதான், இனத்துக்கு ஏற்றபடி சன்னமாக.

வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் வாயில் வைத்து ஊதும் வாத்துக் குழல் பெட்டையின் குரலைத்தான் போலச் செய்கிறது. பெட்டை நிம்மதியாகக் கத்தும் இடத்தில் தீனியும் பாதுகாப்பும் இருக்கும் என்று மேலே பறக்கும் கூட்டம் இறங்கிவிடும். அதே பதிவைக் கைபேசியில் ஓடவிட்டு இங்கே வாத்தை அழைக்காதீர்கள். துணை தேடும் காலத்தில் இல்லாத பெட்டைக்காக ஆண்கள் அலைவதும், ஜோடிகள் பதறுவதும்தான் மிச்சம்.

குளிர்காலத்திலேயே ஜோடி சேர்ந்துவிடுகிறதா? எதை வைத்துச் சொல்வது?

பல வாத்து இனங்கள் முட்டையிடும் இடத்துக்குப் போய்ச் சேரும் முன்பே, தங்கும் இடத்திலேயே துணையை முடிவு செய்துவிடும். ஊசிவால் வாத்தில் டிசம்பர், ஜனவரியில் இந்த வேலை மும்முரமாக நடக்கும். நீலச்சிறகி நிறம் மாறுவதே தாமதம் என்பதால் அதன் காதலும் குளிர்காலக் கடைசியில்தான்.

புள்ளிமூக்கு வாத்தில் இதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். நாலைந்து ஆண்கள் வட்டமாக, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு மிதக்கும். ஒரு பெட்டை கழுத்தை நீர்மட்டத்தோடு நீட்டித் தாழ்த்தி, அவற்றின் நடுவே வேகமாக நீந்திப் போகும். அவ்வளவுதான், ஆண்கள் தொடங்கிவிடும். ஒன்று அலகு நுனியை நீரில் வைத்துப் பக்கவாட்டில் சுண்டும். ஒரு கொத்து நீர்த்துளி பெட்டை இருக்கும் பக்கம் தெறிக்கும். அதே அசைவில் உடல் நிமிரும், ஒரு சிறு விசில் கேட்கும். இன்னொன்று தலையையும் வாலையும் ஒரே நொடியில் மேலே தூக்கி, உடம்பைச் சுருக்கிக் காட்டும். கண் சிமிட்டினால் தவறிவிடும்.

பெட்டை முடிவு செய்துவிட்டதை அதன் கழுத்து சொல்லும். தனக்குப் பிடித்த ஆணை ஒட்டி நீந்திக்கொண்டே, அலகைத் தோளுக்கு மேலாகத் திருப்பித் திருப்பி வேறொரு ஆணைச் சுட்டிக் காட்டி விடாமல் முணுமுணுக்கும். ‘இவனைத் துரத்து’ என்று துணையிடம் சொல்வதுபோல இருக்கும். பக்கத்தில் இருக்கும் ஆண் கழுத்தை நீட்டிப் பாய்ந்தால் அந்த ஜோடி உறுதியாகி வருகிறது என்று கொள்ளலாம்.

சேர்ந்த ஜோடியை மற்ற நேரத்திலும் கண்டுபிடிக்கலாம். இரண்டும் எப்போதும் ஒன்றிரண்டு உடல் தூரத்துக்குள் இருக்கும். பெட்டை தலை கவிழ்த்து மேயும்போது ஆண் தலையை உயர்த்திப் பார்த்துக்கொண்டிருக்கும். பறந்தால் பெட்டை முன்னால், ஆண் ஒட்டிப் பின்னால். இரண்டும் எதிரெதிரே தலையை மேலும் கீழும் ஆட்டினால் அது இணைசேர்வதற்கு முந்தைய அசைவு.

ஒரு வாத்தை நாலைந்து சேர்ந்து வானத்தில் துரத்துகின்றன. சண்டையா?

முன்னால் போவது ஏறக்குறைய நிச்சயமாகப் பெட்டை. கூட்டமாகத் துரத்தினால் அது துணை தேடும் பறத்தல். மூன்றே மூன்று என்றால் வேறு கதை: நடுவில் ஒரு அன்னிய ஆண் பெட்டையைத் துரத்தும், கடைசியில் அதன் துணை பின்தொடரும். இரண்டும் சில நிமிடங்களில் முடிந்து நீரில் இறங்கிவிடும்.

ஏன் சில கூட்டங்களில் ஆண்களே அதிகம்?

வாத்தினங்களில் வளர்ந்த பறவைகளை எண்ணினால் பொதுவாக ஆண்கள்தான் அதிகம். பெட்டை தரையில் கூடு வைத்து, மூன்று நான்கு வாரம் அசையாமல் அடைகாக்கிறது. நரி, பாம்பு, நாய் எல்லாம் தேடிவந்து பிடிப்பது அப்போதுதான். ஆணுக்கு அந்த ஆபத்து இல்லை. பல இனங்களில் பெட்டை அடையில் உட்கார்ந்ததுமே அது கிளம்பிவிடும். சில இனங்களில் பெட்டைகளும் இளசுகளும் ஆண்களைவிடத் தெற்கே அதிக தூரம் வருவதும் உண்டு. ஆகவே ஓர் ஏரியின் கணக்கை வைத்து ஒரு இனத்தின் ஆண் பெண் விகிதத்தைச் சொல்ல முடியாது.

திரும்பிப் போகும்போது ஒன்று நடக்கிறது. பெட்டை தான் பிறந்த அல்லது முன்பு கூடு வைத்த இடத்துக்கே போகப் பார்க்கும். இங்கே சேர்ந்த ஆண் அதன் பின்னாலேயே போகும், தான் பிறந்த ஊர் வேறு திசையில் இருந்தாலும். வீட்டோடு மாப்பிள்ளை முறை.

டிசம்பரில் ஒரு பெட்டை சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு போனது. பிடித்துக் காப்பாற்றலாமா?

வேண்டாம். தென்னிந்தியாவில் புள்ளிமூக்கு வாத்து நவம்பர், டிசம்பரில் முட்டையிடுவது வழக்கம். நீரோரப் புல்லுக்குள் எட்டு முதல் பதினான்கு முட்டை வரை. நாயோ மனிதனோ குஞ்சு இருக்கும் பக்கம் வந்தால் தாய் அடிபட்டதுபோல நடித்து வேறு பக்கம் இழுத்துப் போகும். உங்கள் கால் பக்கத்திலேயே குஞ்சுகள் புல்லோடு புல்லாக ஒட்டிக் கிடக்கலாம். நின்ற இடத்திலேயே நின்று, வந்த தடத்திலேயே கால் பார்த்துத் திரும்புங்கள். நாய் கூட வந்திருந்தால் முதலில் அதைக் கட்டுங்கள். நிஜமாகவே ஒடிந்திருந்தால் தொலைவிலிருந்து அரை மணி நேரம் பார்த்தாலும் அது பறக்காது. அப்போது வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லலாம்.

வெளிநாட்டில் வேட்டைக்காரர்கள் ஏன் பெட்டையைச் சுடாமல் விடுகிறார்கள்?

ஓர் ஆண் செத்தால் அதன் இடத்தை மிச்சமிருக்கும் ஆண்கள் நிரப்பிவிடும். ஒரு பெட்டை செத்தால் அடுத்த ஆண்டின் ஒரு கூடு போய்விடும். அதனால் அமெரிக்காவின் பல பகுதிகளில், நம் புள்ளிமூக்கு வாத்தின் நெருங்கிய சொந்தமான பச்சைத்தலை வாத்துக்கு, ஒருவர் ஒரு நாளில் சுடலாம் என்ற எண்ணிக்கைக்குள் பெட்டைக்குத் தனி வரம்பு உண்டு. பெரும்பாலும் இரண்டு. குரல், பறக்கும்போது யார் முன்னால், முன்சிறகு நிறம் என்று அவர்கள் கற்றுவைத்த அடையாளங்கள்தான் இங்கே கணக்கெடுப்புக்கும் உதவுகின்றன.

ஜனவரி கணக்கெடுப்பில் ஆண், பெட்டையைத் தனித்தனியாக எழுத வேண்டுமா?

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. அதற்கு இனமும் எண்ணிக்கையும் போதும். ஆனால் பிரித்து எழுதினால் பல ஆண்டுகளுக்குப் பிறகும் பயன்படும்.

முறை இதுதான். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். பனி விலகாமல் எண்ண வேண்டாம். மலைமேல் அது காலை எட்டரை, ஒன்பது ஆகலாம். முதலில் மொத்தத்தை இடமிருந்து வலம் பத்துப் பத்தாக எண்ணுங்கள். இரண்டாவது முறை நிறம் தெளிந்த ஆண்களை மட்டும் எண்ணுங்கள். மீதியைப் ‘பெட்டை’ என்று எழுதாமல் ‘பெட்டை நிறம்’ என்று எழுதுங்கள். இந்த ஒரு சொல்தான் குறிப்பைக் காப்பாற்றும். சிறகைப் பார்த்தோ குரலைக் கேட்டோ உறுதியானவற்றை மட்டும் பெட்டைப் பத்தியில் போடுங்கள். அலகைச் சிறகுக்குள் செருகித் தூங்கும் பறவைகள் ‘தெரியவில்லை’ பத்திக்கு.

தொலைவு நூறு மீட்டருக்குக் குறைய வேண்டாம். மேய்ச்சலை நிறுத்திக் கழுத்துகள் நிமிர்ந்தால் நீங்கள் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள். தலையைச் சடசடவென்று உதறத் தொடங்கினால் அடுத்தது பறப்புதான்.

வீட்டு வாத்தில் ஆணை எப்படிக் கண்டுபிடிப்பது?

குரல்தான் முதல் சாட்சி. ஆறு முதல் எட்டு வாரத்தில் குரல் பிரிந்துவிடும்: கையில் தூக்கினால் ஓங்கிக் கத்துவது பெட்டை, கரகரப்பது ஆண். மூன்று நான்கு மாதத்தில் ஆணின் வால்மேல் இரண்டு மூன்று இறகு மேல்நோக்கிச் சுருளும். இறகு உதிரும்போது அந்தச் சுருளும் விழுந்துவிடும், ஆகவே சுருள் இல்லை என்பதால் பெட்டை என்று விற்கவோ வாங்கவோ கூடாது. வெள்ளை வாத்தில் நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மணிலா வாத்து வேறு இனம். அதில் ஆண் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை, முகத்தில் பெரிய சிவப்புச் சதை. அது கத்தாது, புஸ் என்று சீறும். முட்டை பொரியவும் 35 நாள் ஆகும், மற்ற வாத்துக்கு 28.

பெட்டைகளின் பின்கழுத்தில் இறகே இல்லை. நோயா?

பெரும்பாலும் ஆண் அதிகமாகிவிட்டதன் அடையாளம். இணைசேரும்போது ஆண் பெட்டையின் பிடரியை அலகால் கவ்விப் பிடிக்கும். ஐந்தாறு பெட்டைக்கு ஓர் ஆண் போதும். மூன்றுக்கு இரண்டு என்று வைத்தால் பிடரி மொட்டையாகும், முதுகு புண்ணாகும், பெட்டை நொண்டும், தண்ணீரில் இறங்கவே பயப்படும். ஆழமான தொட்டியில் இரண்டு மூன்று ஆண்கள் ஒரே பெட்டைமேல் ஏறினால் அது மூழ்கிச் சாகவும் செய்யும்.

மிகுதி ஆண்களைத் தனிப்பட்டியில் போடுங்கள். நடுவே கம்பிவலை மட்டும் இருந்தால் போதாது. பெட்டை கண்ணில் படாதபடி இரண்டடி உயரத்துக்குப் பலகையோ தகரமோ அடியுங்கள். பெட்டை இல்லாத இடத்தில் ஆண்கள் பெரும்பாலும் அமைதியாகச் சேர்ந்திருக்கும். காயம்பட்ட பெட்டையை இறகு முளைக்கும் வரை ஆணோடு விடாதீர்கள்.

வேண்டாத ஆண் வாத்தை ஏரியில் விட்டுவிடலாமா?

கூடாது. நம் வீட்டு வாத்தும் புள்ளிமூக்கு வாத்தும் நெருங்கிய உறவு, காட்டுப் பெட்டையோடு கலப்பு உண்டாகலாம். துணையில்லாத வீட்டு ஆண் ஏரியில் எந்தப் பெட்டையையும் விடாமல் துரத்தும். கூட்டில் உட்கார வேண்டிய பெட்டைக்கு அதைவிடத் தொந்தரவு இல்லை. நோயும் இரு பக்கமும் போகும். வளர்க்கத் தெரிந்த ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

சதுப்போரத்தில் கண்ணியோ வலையோ கண்டால்?

தொடாமல், இடத்தைக் கைபேசியில் படமெடுத்து, பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் நேரத்தோடு சொல்லுங்கள். உயிரோடு சிக்கிய பறவை இருந்தால் அதன் தலைமேல் மெல்லிய துணி போட்டு இருட்டாக்கினால் துடிப்பது அடங்கும். நூலை இழுக்காமல் வனத்துறை ஆள் வரும் வரை பக்கத்தில் இருங்கள்.